கையை எடுக்கும் நேரம்

சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு குதிரைப் பந்தயம் முடிந்துபோனது. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் மலேசியாவின் பினாங்கு டர்ஃப் கிளப்பும் கடையைக் கட்டியது. 1864-இல் தொடங்கிய கிளப் அது. மலேசியத் தீபகற்பத்தில் இனி பந்தயம் என்றால் சுங்கை பீசித் திடலும் ஈப்போத் திடலும்தான். செய்தி வந்தபோது பலரும் நிலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அங்கே என்ன கட்டுவார்கள், ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்று. லாயங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு கவலை. இருக்கிற குதிரைகளை என்ன செய்வது?

வயதான, அமைதியான குதிரைக்கு ஏதாவது ஒரு சவாரிப் பள்ளியில் இடம் கிடைத்துவிடும். சிக்கல் இளசுகளுக்குத்தான். ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ விமானத்தில் வந்து இறங்கியிருக்கும். வயது மூன்று, நான்கு. ஓடத் தெரியும். நிற்கத் தெரியாது. ஓட்டமும் போதாது என்று எஜமானர் கைகழுவிவிட்டால், அந்தக் குதிரைக்குப் பிழைக்க ஒரே வழி மனிதரோடு நிதானமாக இருக்கக் கற்றுக்கொள்வது.

மைலோ எங்களிடம் வந்தது அந்த வழியில்தான். சுங்கை பூலோ தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன லாயம் எங்களுடையது. ‘எங்களுடையது’ என்று சொல்வது பாசத்தில். நான் வார நாளில் கணக்கு எழுதி, வார இறுதியில் அங்கே சாணி அள்ளுகிறவள். மைலோ பெண் குதிரை. மூக்கில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு, மற்றதெல்லாம் பழுப்பு. பதிவேட்டில் அவளுக்கு இருந்த நீளமான ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நிறத்தைப் பார்த்து லாயத்துப் பையன் மைலோ என்று, அந்தச் சாக்லேட் பானத்தின் பெயரால் கூப்பிட்டான், அதுவே ஒட்டிக்கொண்டது.

காகிதத்தில் அவளுக்கு வயது மூன்று. இந்தக் காகித வயதை அப்படியே நம்பக்கூடாது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பந்தயக் குதிரைகள் அத்தனைக்கும் பிறந்தநாள் ஆகஸ்ட் 1 என்று வைத்திருக்கிறார்கள். நவம்பரில் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஆகஸ்டில் ஒரு வயது நிரம்பிவிடும்; உள்ளபடி ஒன்பது மாதம்தான் ஆகியிருக்கும். எலும்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பு நீளுகிற இடமான வளர்ச்சித் தட்டு மூடவே ஏறக்குறைய இரண்டரை வயதாகும். முதுகெலும்புதான் கடைசி, ஐந்து வயது தாண்டியும் அங்கே வளர்ச்சி நடந்துகொண்டிருக்கும். நாம் சேணம் வைத்து உட்காருவது அந்த முதுகில். குட்டியாக இருக்கும்போது ஓடியாடினால் எலும்பு உறுதிப்படும் என்பதும் உண்மை, ஆகவே ஓடவே விடக்கூடாது என்று சொல்லமாட்டேன். மேலே ஏறுவதற்கு என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன். தரையில் நின்றபடி சொல்லிக்கொடுக்க வேண்டியதே மலையளவு இருக்கிறது.

‘இயற்கை முறைப் பழக்கம்’ என்று இதற்கு இன்று உலகமெங்கும் வகுப்பு நடக்கிறது, சான்றிதழ் கொடுக்கிறார்கள், அதற்கென்றே தனி நிறக் கயிறும் குச்சியும் விற்கிறார்கள். தொடக்கம் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில். அங்கே குதிரைகளைக் காட்டில் போன போக்கில் வளரவிட்டு, பிறகு பிடித்துவந்து கட்டி, மேலே ஏறி, அது துள்ளி ஓய்கிறவரை உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். சில நாளில் வேலை முடிந்துவிடும், குதிரையும் சில சமயம் முடிந்துவிடும். ஓரிகன் மாநிலத்தில் வளர்ந்த டாம் டோரன்ஸ் (1910–2003) அதற்கு மாற்று வழி காட்டினார். அவரிடம் கற்ற ரே ஹன்ட் (1929–2009) ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். பாட் பரேலி என்ற பயிற்சியாளர் அதையே ஏழு விளையாட்டுகளாகப் பிரித்து வீட்டுப் பாடமாக்கினார். இன்னொரு பயிற்சியாளரான மான்டி ராபர்ட்ஸை இரண்டாம் எலிசபெத் அரசி 1989-இல் விண்ட்சருக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னதும் அவர் பெயர் எங்கும் பரவியது. ஆனால் கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத்தில் செனஃபோன் எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று இதில் யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது.

எங்கள் லாயத்து அங்கிளுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. எழுபதை நெருங்குகிறவர். அவருடைய அப்பா கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் திடலில் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப் அங்கேதான் இருந்தது, இப்போது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிற அதே இடம். அங்கிள் அந்தத் திடலில் அப்பாவுக்குப் புல் கட்டு தூக்கிப் பழகி, பிறகு சுங்கை பீசிக்குப் போய், ஓய்வு என்று சொல்லி வீட்டில் உட்காரப் பிடிக்காமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். குதிரைக்குப் பாடம் எடுப்பவர்களை வேலிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வரிதான்.

“அது கேட்டுருச்சி லா. கைய எடு.”

முழு வித்தையும் அதற்குள் இருக்கிறது. குதிரையைப் பின்னால் நகரச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் விரல் நுனியை வைக்கிறோம். ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி அது. விரலின் கனமே தாராளம். முதலில் ஒன்றும் நடக்காது. விரலை எடுக்காமல், குத்தவும் செய்யாமல், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுகிறோம். கால் நகர்வதற்கு முன்பே உடம்பின் கனம் பின்னங்காலுக்குப் போகும். தோள்பட்டையில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். அந்த நொடியில் கை விலக வேண்டும். ‘இன்னும் ஓர் அடி வரட்டுமே’ என்று வைத்துக்கொண்டே இருந்தால், பதில் சொன்னாலும் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று குதிரைக்குப் பட்டுவிடும். அது தலையை வீசி முட்டும்போது பயந்து கையை எடுத்தாலோ, முட்டினால் விட்டுவிடுவார்கள் என்று பாடமாகிவிடும். அழுத்துவது கேள்வி. விடுவதுதான் பாடம்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் மென்மை என்றால் கொஞ்சுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேல்சட்டைப் பையில் கேரட் துண்டுகளோடு வருவார்கள். ஒரு மாதம் அப்படி ஊட்டினால் பையைக் கடிக்கிற குதிரைதான் மிஞ்சும். மைலோவின் எடை அரை டன்னுக்குப் பக்கத்தில். அவள் என் இடத்துக்குள் தோளைத் தள்ளிக்கொண்டு வந்தால், நான் ஒதுங்கமாட்டேன். கயிற்றை ஆட்டி அவளைத்தான் ஒதுங்கச் சொல்வேன், ஒதுங்கியதும் உடனே விட்டுவிடுவேன். ஒவ்வொரு முறையும் அதே விதி. எங்கள் அம்மா இதைக் கேட்டுவிட்டு, “அடியாத மாடு படியாதுன்னு சொல்லி வளத்தோம், நீ குதிரைக்கு வந்தனம் சொல்லிக்கிட்டிருக்கே” என்றார். ரோத்தான் பிரம்பு சுவரில் தொங்கிய வீடு எங்களுடையது. அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.

இந்த ஊர்ச் சூட்டில் குளிப்பாட்டாமல் குதிரை வளர்க்க முடியாது. வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி உடம்பை ஆற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. குளிர்நாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு இங்கே வந்தபின் வியர்ப்பதே நின்றுபோகும். வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளிடமும் போலோ குதிரைகளிடமும்தான் அந்த நோயை முதன்முதலில் கவனித்து எழுதினார்கள். வெயிலில் ஓடிவிட்டு உலர்ந்த தோலோடு மூச்சு வாங்குகிற குதிரையைப் பார்த்தால் அங்கிள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எனவே எங்களுக்கு முதல் பாடமே ரப்பர் குழாய்தான்.

மைலோவுக்கோ குழாயைக் கண்டாலே ஆகாது. முந்தைய இடத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பச்சைக் குழாயைத் தரையில் பார்த்ததும் தலை மேலே போகும், மூக்குத் துவாரம் விரியும், கண்ணுக்கு மேலே உள்ள தோல் முக்கோணமாகச் சுருங்கும். செம்பனைத் தோட்டத்து ஓரம் என்பதால் பாம்பு என்று நினைப்பதிலும் தப்பில்லை. அவளைக் கம்பத்தில் கட்டிப்போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால் பத்து நிமிடத்தில் காரியம் முடியும். கயிறு அறுந்தால் வேறு கதை.

நாங்கள் கட்டவில்லை. கயிற்றின் ஒரு முனை என் கையில், தொய்வாக. தண்ணீர் வராத குழாய் தரையில் கிடந்தது. அதைச் சுற்றி நடந்தோம், பிறகு தாண்டி நடந்தோம். அது சலித்துப்போனதும் குழாயைத் திறந்து, அவளுக்கு எட்டாத தூரத்தில் புல்லில் ஓடவிட்டார் அங்கிள். அவள் கயிற்றின் கோடி வரை பின்வாங்கினாள். நான் இழுக்கவில்லை, விடவும் இல்லை. அவள் காது ஒன்று மட்டும் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. பிறகு கழுத்து இரண்டு விரற்கடை இறங்கியது. அங்கிள் உடனே குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டடி தள்ளிப்போனார். தண்ணீர் தன்னை விட்டு விலகியதை மைலோ கவனித்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. விலகிப்போன தண்ணீரை நோக்கி அவளாகவே ஓர் அடி எடுத்துவைத்து மூக்கை நீட்டினாள்.

குளம்பில் தண்ணீர் பட்டது வேறொரு காலையில். காலை உதைத்துத் தட்டினாள். அங்கிள் குழாயை நெருக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதே இடத்தில் அதே வேகத்தில் ஓடவிட்டார். தட்டல் நின்று கால் ஒரு நொடி தரையில் ஊன்றியதும் தண்ணீர் விலகியது. மறுபடி வந்தது. மறுபடி தட்டல், மறுபடி ஊன்றல், மறுபடி விலகல். இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கண்ணுக்கு மேலிருந்த அந்தச் சுருக்கம் தளர்ந்தது. குளம்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து தோள். இடப்பக்கம் முடிந்ததும் வலப்பக்கம் போனால் எல்லாம் புதிது, மறுபடி குளம்பிலிருந்து தொடங்க வேண்டும். குதிரையின் மூளையில் இரண்டு பாதியும் பேசிக்கொள்வதில்லை என்று லாயங்களில் ஒரு கதை உலவும், அது தவறு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழுவட்டமாகப் பார்க்கிற பிராணி அது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும்தான் தெரியாது. வலப்பக்கத்திலிருந்து வருகிற குழாய் அதற்கு உண்மையிலேயே வேறு காட்சி.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். மென்முறை என்ற பெயரில் நடக்கிற எல்லாமும் மென்மை இல்லை. வேறொரு லாயத்தில், வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் செய்துகாட்டியதைப் பார்க்கப் போயிருந்தேன். பதினெட்டு மீட்டர் அகல வட்ட வேலி. உள்ளே இளங்குதிரை ஒன்று. அவர் கையில் சாட்டை கிடையாது, கயிற்றுச் சுருள்தான், அடிக்கவே இல்லை. கயிற்றை வீசி வீசிக் குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். வாயில் நுரை தள்ளிய பிறகு அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, குதிரை தலையைத் தொங்கப்போட்டு அவர் பின்னால் வந்து நின்று வாயை அசைபோட்டது. “பாருங்கள், என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டுவிட்டது” என்றார். கைதட்டல். பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெட்டவெளியில் துரத்தினால் குதிரை தப்பித்து ஓடிவிடும். வட்ட வேலிக்குள் எங்கே போகும்? நிற்பதற்கு அவர் முதுகுப்பக்கம் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது, அங்கே வந்து நின்றது. வாயை அசைபோடுவதும் பணிவுக்கு அடையாளம் இல்லை. பதற்றம் ஏறி இறங்கும்போது உலர்ந்த வாயில் எச்சில் ஊறுகிறது, அதனால்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கின்றன. மந்தைத் தலைவன் என்ற பேச்சையே குதிரையேற்ற அறிவியலாளர்கள் இப்போது ஏற்பதில்லை. மனிதனை இன்னொரு குதிரையாக அது எண்ணுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எதைச் செய்தால் அழுத்தம் விலகுகிறது என்பதைத்தான் அது கற்கிறது. மைலோ தளர்ந்து நின்றதும் அந்தக் குதிரை தளர்ந்து நின்றதும் புகைப்படத்தில் ஒன்றாகவே தெரியும். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் லாயத்துக்கு வந்த பரிகளும் பகல் முழுக்க லட்சணமாகத்தான் நின்றன. இருட்டியதும் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவைத்தன. பயத்தில் அடங்கிய குதிரையை வாங்கியவர்களுக்கு அந்த இரவு தெரியும். ஒரு நாள் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வெடிச்சத்தத்தோடு போகும், அன்றைக்கு மருத்துவமனை.

சேணத்துக்கு வருகிறேன். மைலோவின் முதுகில் ஏற்கெனவே ஆள் ஏறியிருக்கிறார்கள், அதுதான் சங்கடம். பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் காலைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள். ஏற்றிக்கொள்ள நிற்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாத செய்தி. லகானை இறுக்கிப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து வேகம் எடுக்கத்தான் பழக்கியிருக்கிறார்கள். நான் நிற்கச் சொல்லி இழுத்தால் அவள் காதில் அது ‘ஓடு’ என்றுதான் விழும். எனவே அந்த இழுப்பையே நாங்கள் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். வாயில் இரும்பில்லாத கயிற்று ஹால்டரைப் போட்டு, தரையில் நின்றபடி ஒரு பக்கமாகக் கழுத்தை வளைக்கச் சொல்லிக்கொடுத்தோம். கழுத்து பக்கவாட்டில் வளைந்தால் பின்கால் ஒதுங்கும், வேகம் தானாகக் குறையும். அவளுக்குப் பழைய அர்த்தம் இல்லாத ஒரு பேச்சு அது.

கோலாலம்பூரில் விடிவதே ஏழு மணி வாக்கில்தான். ஒன்பதரைக்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும், ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம்தான். பிற்பகலில் இடி. மலைப் பக்கம் உறுமத் தொடங்கினால் குதிரைகளை உள்ளே விட்டுவிட்டு நாங்களும் தே தாரிக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஆண்டு முழுக்க ஒரே வெயில் என்பதால், அடுத்த மாதம் குளிர்ந்துவிடும், அப்போது நீண்ட நேரம் பழக்கலாம் என்று தள்ளிப்போட இங்கே வழியில்லை.

ஏறும் பாடத்தில் நான் முதலில் செய்தது, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் சும்மா நின்றதுதான். தன் முதுகுக்கு மேலே ஒரு மனிதத் தலை தெரிவதே அவளுக்கு நடுக்கம். காது இரண்டும் பின்னால் போய், மூச்சு பிடித்துக்கொள்ளும். அவள் மூச்சை விட்டதும் நான் கீழே இறங்கிவிடுவேன். பிறகு முதுகில் கையை வைத்துச் சாய்ந்தேன். பிறகு வயிறு படக் குறுக்கே படுத்தேன், மூட்டை மாதிரி அல்ல, எந்த நொடியும் வழுக்கி இறங்கத் தயாராக. அவள் பதறுவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். பதறிய பிறகு இறங்கினால் பதற்றத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். இதில்தான் அங்கிளின் கண் எனக்குத் தேவைப்படுகிறது. எனக்கு அவள் முகம் தெரியாது. அவர் நாற்காலியிலிருந்து “எறங்கு” என்பார், இறங்குவேன். காரணம் கேட்டதில்லை.

இப்போது அவள்மேல் உட்கார்ந்து சில நிமிடம் நடக்கிறேன். நடைதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ‘இன்னுமா ஓட்டவில்லை’ என்று லாயத்துக்கு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். குதிரை வைத்திருப்பவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு: இடத்துக்கு மாத வாடகை, தீவனம், லாடக்காரர், மருத்துவர் என்று ரிங்கிட் கரைந்துகொண்டே இருக்கும்போது நடக்கிற குதிரைக்கு யார் செலவு செய்வார்கள்? அவசரமாகப் பழக்கி அவசரமாக விற்பவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அவர்களிடம் காசு தீர்ந்துபோகிறது. பந்தயத்தை நிறுத்துகிறவர்கள் நிலத்துக்குத் திட்டம் போடுகிற நேரத்தில், ஒவ்வொரு இளங்குதிரைக்கும் ஓராண்டுத் தீவனத்தையும் ஒரு சைஸின் சம்பளத்தையும் ஒதுக்கிவைத்தால், என் கணக்குப்பிள்ளை மூளைக்கு அது பெரிய தொகையாகவே தெரியவில்லை.

இன்னும் மீதம் இருப்பது லாரி. மைலோ ஏறமாட்டேன் என்கிறாள். சாய்வுப் பலகையில் முன்னங்கால் இரண்டையும் வைப்பாள், அது வரைக்கும் வந்துவிட்டோம். உள்ளே இருட்டு, காலடியில் ‘டம்’ என்று ஓசை, அங்கேயே நின்றுவிடுகிறாள். வைத்த காலைத் தானாகவே எடுக்கவிட்டு, மறுபடி வைக்கச் சொல்கிறோம். லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காத்திருக்கிற மணிக்கெல்லாம் தனிக் காசு. வண்டியை ஒரு வாரம் எங்கள் வளாகத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள், தீவன வாளியைப் பலகையில் வைத்துப் பழக்குகிறோம் என்று அங்கிள் கேட்டுப் பார்த்தார். வாடகை எவ்வளவு என்று யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் சொல்லவில்லை.